பீச்சிங் – கரையேற்றல்

குஜராத்தின் பாவ்நகர் மாவட்டத்தில், காம்பாத் வளைகுடாவை ஒட்டிய அலங், ஆயுள் முடிந்த கப்பல்களை உடைக்கும் ஊர். 1983 முதல் அங்கே இந்தத் தொழில் நடக்கிறது. உடைக்க வாங்கிய கப்பலை அதன் எஞ்சின் வேகத்திலேயே ஓட்டிக் கரையில் ஏற்றுவதுதான் பீச்சிங்.

ஆங்கிலத்தில் 'பீச்' முதலில் குறித்தது கடலோரக் கூழாங்கற்களை. கரைக்கே அது பெயரானது பிறகு. அலங்கில் கப்பல் போய் உட்காருவது என்னவோ சேற்றில்.

நம் செய்திகளில் இதைத் 'தரைதட்டியது' என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. தரைதட்டல் விபத்து, வழிதவறியோ ஆழம் குறைந்தோ நேர்வது. 'கரையொதுங்கியது' என்றால் அலை தள்ளிக்கொண்டு வந்தது. வேண்டுமென்றே செய்வதற்குக் 'கரையேற்றல்' என்பதே சரி. படகை மணலில் இழுத்துப் போடுவதற்குப் புழங்கும் சொல்தான். கரையேற்று என்றால் காப்பாற்று என்ற பொருளும் உண்டே என்பவர்கள், முதல்முறை எழுதும்போது 'உடைப்புக்காகக் கரையேற்றல்' என்று எழுதிவிடலாம்.

அலங் இதற்கு வாய்த்த இடமானதற்குக் காரணம் ஓதம். அங்கே கடல் சுமார் 10 மீட்டர் ஏறி இறங்கும்; கரையும் மெல்லச் சரியும். சுங்கத்துறை, கடல்சார் வாரியச் சோதனைகள் முடிந்தபின் அமாவாசை அல்லது பௌர்ணமியை ஒட்டிய பெரிய ஓதத்துக்காகக் கப்பல் நங்கூரத்தில் காத்திருக்கும். பேலஸ்ட் நீரை (கப்பல் நிலையாக நிற்கத் தொட்டிகளில் நிரப்பும் நீர்) வெளியேற்றி, அணியம் (முன்பகுதி) உயர்ந்தும் பின்பகுதி சற்றுத் தாழ்ந்தும் இருக்கும்படி வைப்பார்கள். நீர் உச்சத்தைத் தொடுவதற்குச் சற்று முன், வாங்கியவரின் பிளாட்டுக்கு (கரையில் அவருக்குரிய உடைப்பு மனை) நேராக முழுவேகம். நீர் வடிந்ததும் கப்பல் சேற்றில் நிற்கும். ஓதத்தைத் தவறவிட்டால் கரைக்கு வெகுதொலைவில் சிக்கிக்கொள்ளும். அடுத்த பெரிய ஓதத்துக்கு ஏறத்தாழ இரண்டு வாரம். கோணம் பிசகினால் பக்கத்து பிளாட்டுக்காரரோடு தகராறு.

வெட்டு அணியத்தில் தொடங்கும். எடை குறையக் குறைய, ஒவ்வொரு ஓத ஏற்றத்திலும் சங்கிலி பூட்டி வின்ச்சால் (இழுவை எந்திரம்) மேலே இழுப்பார்கள். கேஸ் கட்டிங்குக்கு முன் தொட்டிகளில் தேங்கிய எண்ணெய் ஆவியை வெளியேற்றிச் சோதிக்க வேண்டும். அதில் அவசரப்பட்டால் வெடிக்கும். தகடு தலைமேல் விழுவது இன்னொரு ஆபத்து. கல்நார், எண்ணெய்க் கசடு எல்லாம் தனித்தனியே பிரிக்கப்பட வேண்டியவை. ஓதம் வந்துபோகும் தரையில் சிந்தியதைத் திரும்ப அள்ள முடியாது. கரையேற்றலுக்கு எதிர்ப்பு எழுவது முக்கியமாக இதனால்தான். ஆனாலும் 2025 ஜூன் 26 முதல் நடைமுறையில் உள்ள, கப்பல் உடைப்புக்கான பன்னாட்டு ஹாங்காங் உடன்படிக்கை இம்முறையைத் தடை செய்யவில்லை.

விமானந்தாங்கிக் கப்பல் ஐ.என்.எஸ். விராட் 2020 செப்டம்பரில் அலங்கில் கரையேற்றப்பட்டது; ஆனால் அது தன் எஞ்சினில் ஓடி வரவில்லை, இழுவைப்படகால் இழுத்துவரப்பட்டது. துருக்கியின் அலியாகாவில் ஓதம் மிகக் குறைவு. அங்கே அணியம் மட்டும் கரையில் ஊன்றியிருக்க, பின்பகுதி நீரில் மிதக்கும். அதைக் கரையேற்றல் என்பது பொருந்தாது; 'அணியம் ஊன்றல்' எனலாம்.