தடையைத் தடுத்தால் என்ன ஆகும்?

ரத்தக்குழாய் வந்து சேராத புற்றுக்கட்டி ஒன்றிரண்டு மில்லிமீட்டருக்கு மேல் பெரிதாகாது. நடுவில் இருக்கும் செல்களுக்கு ஆக்சிஜன் எட்டாது. அதனால் கட்டியே ரத்தக்குழாய்களைத் தன் பக்கம் இழுக்கிறது என்று 1971-இல் அமெரிக்க அறுவை மருத்துவர் ஜூடா ஃபோக்மன் எழுதினார். அப்போது பலர் அதை நம்பவில்லை. இந்த இழுப்பில் மைக்ரோ ஆர்.என்.ஏ. என்ற நுண்ணிய மரபுத் துணுக்குகளுக்கும் பங்கு உண்டு.

மார்பகப் புற்றுநோயிலும் கதை இதுதான். ஆக்சிஜன் இருக்கும்வரை உடனுக்குடன் அழிக்கப்படும் ஹிஃப்-1 என்ற புரதம், மூச்சுத் திணறும் செல்லில் அழியாமல் சேர்கிறது. அது வி.இ.ஜி.எஃப். என்ற இன்னொரு புரதத்தைச் சுரக்க வைக்கிறது. பக்கத்து ரத்தக்குழாயின் உட்சுவர் செல்களுக்கு அது போய்ச் சேர்ந்ததும், அவை பெருகி, முளைவிட்டு, கட்டியை நோக்கி நீள்கின்றன.

சரி, மைக்ரோ ஆர்.என்.ஏ. இதில் எங்கே வருகிறது? சுமார் 22 மரபெழுத்து நீளமே உள்ள துணுக்கு அது. 1993-இல் ஒரு சின்னப் புழுவில் கண்டறியப்பட்டது. அதற்கு நோபல் பரிசு கிடைக்க 2024 ஆகிவிட்டது. புரதம் செய்வதற்கான குறிப்பைச் சுமக்கும் தூது ஆர்.என்.ஏ.யில், தனக்குப் பொருந்தும் இடத்தில் ஒட்டிக்கொண்டு புரதம் உருவாவதைக் குறைக்கும். பெரும்பாலும் தடுப்பது மட்டுமே அதன் வேலை. எதைத் தடுக்கிறது என்பதில்தான் சங்கதி இருக்கிறது.

மிர்-126 என்ற மைக்ரோ ஆர்.என்.ஏ.வைப் பாருங்கள். ரத்தக்குழாய் செல்லில் இது ஏராளம். அங்கே ஸ்ப்ரெட்-1 என்ற புரதத்தைக் குறைக்கிறது. ஸ்ப்ரெட்-1 வேறொன்றுமில்லை, வி.இ.ஜி.எஃப். கட்டளைக்குப் போடப்பட்ட பிரேக். பிரேக்கே தளர்ந்தால் குழாய் வளரும். ஆனால் மார்பகப் புற்றுச் செல்லுக்குள் இதே மிர்-126, ரத்தக்குழாய் செல்களைக் கூப்பிடும் புரதங்களை அடக்கி வைக்கிறது. அதனால் உடலெங்கும் பரவக் கிளம்பும் செல்கள் இதைக் குறைத்துக்கொள்கின்றன. ஒரு வீட்டில் நண்பன், அடுத்த வீட்டில் எதிரி!

மிர்-210-க்கு இந்த இரட்டை வேடம் அவ்வளவாக இல்லை; ஆக்சிஜன் குறைந்தால் கூடும், குழாய் உருவாக உதவும். மிர்-105 செய்வது கொஞ்சம் துணிச்சலான வேலை. புற்றுச் செல் அதை நுண்பைகளில் கட்டி வெளியே அனுப்புகிறது. ரத்தக்குழாய் செல்களுக்குள் நுழைந்து, அவற்றை இறுக்கி வைத்திருக்கும் இணைப்புப் புரதத்தை அது குறைக்கிறது. சுவரில் இடைவெளி விழுந்தால் புற்றுச் செல் நுழைந்து தப்பிக்கலாம்.

வி.இ.ஜி.எஃப்.ஐ மட்டும் அடைத்துப் பார்த்தார்கள். மார்பகப் புற்றுக்கு 2008-இல் அமெரிக்கா அனுமதித்த பெவாசிஸுமாப் என்ற வி.இ.ஜி.எஃப். தடுப்பு மருந்து, ஆயுளை நீட்டியதாகத் தெரியவில்லை என்று 2011-இல் அந்த அனுமதியை இழந்தது. அப்படியானால் புற்றுச் செல் குறைத்துக்கொண்ட மிர்-126-ஐ ஊசியில் ஏற்றிவிடலாமே? ஏற்றலாம்தான். ஆனால் ரத்தத்தில் போகும் மருந்துக்கு வழிநெடுக இரு பக்கமும் இருப்பவை ரத்தக்குழாய் செல்கள்.