ஃபோனுக்குள் பேஸ் தேடாதீர்கள்

சென்ற வாரம் என்னிடம் பழுதுபார்க்க வந்த கல்லூரி மாணவன் தன் ஃபோனைச் செய்தித்தாளில் பொதிந்து கொண்டுவந்தான். பிரித்துப் பார்த்தால் டிஸ்பிளே தனி, போர்டு தனி, பின்மூடி தனி. ஹெட்போன் ஜாக்கின் அருகே சுண்டுவிரல் நுனி அளவுக்கு ஒரு கெப்பாசிட்டர் (மின்னூட்டத்தைத் தேக்கும் பாகம்), இரண்டு கால்களையும் விரித்துப் படுத்திருந்தது.

"220 மைக்ரோ ஃபாரட், அண்ணா. இதை வைத்தால் பேஸ், அதாவது தாழ்ந்த ஒலி, அள்ளும் என்று வீடியோவில் சொன்னார்கள்."

எந்த ஹெட்போனில் பாட்டுக் கேட்கிறாய் என்றேன். கழுத்தில் கிடந்ததைத் தொட்டுக் காட்டினான். புளூடூத்!

புளூடூத்தில் ஃபோன் அனுப்புவது வெறும் எண்களை. அவற்றை ஒலியாக்கும் சிப்பும் ஆம்பிளிஃபயரும் காதில் மாட்டும் பொருளுக்குள் இருக்கின்றன. ஜாக்கின் பக்கத்தில் தங்கத்தில் செய்த கெப்பாசிட்டரையே வைத்தாலும் அந்தப் பாட்டுக்கு அது தெரியப்போவதில்லை.

இந்த மாதத்தில் இது நான்காவது ஃபோன் என்பதால்தான் எழுதுகிறேன்.

பெரிய கெப்பாசிட்டர் வைத்தால் பேஸ் கூடும் என்பது முழுப்பொய் அல்ல, அதுதான் வினை. பழைய கருவிகளில் ஒலியோடு சேர்ந்து மாறாமல் நிற்கும் ஒரு நேர்மின்னழுத்தமும் (DC) வெளியே வரும். அதைத் தடுக்க வழியில் ஒரு கெப்பாசிட்டரை வைப்பார்கள். அது சிறியதாக இருந்தால் தாழ்ந்த ஒலியையும் சேர்த்து விழுங்கும். 32 ஓம் ஹெட்போனுக்கு 100 மைக்ரோ ஃபாரட் வைத்தால் 50 ஹெர்ட்ஸுக்குக் கீழே சத்தம் தேயத் தொடங்கும். 220 வைத்தால் அந்த எல்லை 23 வரை இறங்கும். 2005-இல் வந்த ஐபாடைப் பிரித்து இந்தப் பகுதியில் கைவைத்தவர்கள் உண்டு, பலனும் கண்டார்கள். ஆனால் இன்றைய ஃபோன்களில் பெரும்பாலானவற்றில் ஒலிச் சிப்பே எதிர்மின்னழுத்தத்தையும் உருவாக்கிக்கொள்கிறது. வெளிவரும் ஒலி பூஜ்யத்தை மையமாக வைத்தே வருகிறது. தடுக்க ஒன்றுமில்லாத இடத்தில் தடுப்பு எதற்கு?

அப்படியானால் ஜாக் அருகே தெரியும் பொடிப் பாகங்கள்? ரேடியோ இரைச்சலை வடிகட்டவும், விரலிலிருந்து பாயும் நிலைமின்சாரத்திலிருந்து சிப்பைக் காக்கவும் இருப்பவை. ஒலிக் கம்பிக்கும் கிரவுண்டுக்கும் (மின்சாரம் திரும்பும் பொதுத் தடம்) நடுவே இருக்கும் ஒன்றைப் பிடுங்கி அங்கே 220-ஐ வைத்தால், 1000 ஹெர்ட்ஸில் அதன் தடை ஒரு ஓம்கூட இல்லை. பாட்டு காதுக்கு வராமல் கிரவுண்டில் இறங்கிவிடும். இந்த மாணவன் செய்ததும் அதேதான். சூட்டில் போர்டின் செப்புத் தடமும் உரிந்து வந்திருந்தது.

பாகங்களைப் போர்டில் ஒட்டியிருக்கும் காரீயம் கலக்காத பற்றாசு (சால்டர்) உருகவே 217 டிகிரிக்கு மேல் வேண்டும். கழற்ற நினைக்கும் பொருள் எள்ளில் பாதிகூட இல்லை. பக்கத்திலேயே பேட்டரி. திருப்புளியால் அதை நெம்பாதீர்கள், குத்துப்பட்டால் தீப்பிடிக்கும். நான் கண்ணாடியும் மைக்ரோஸ்கோப்பும் வைத்துக்கொண்டே மூச்சைப் பிடித்துக்கொண்டு செய்யும் வேலை இது. சாப்பாட்டு மேசையில் செய்கிற வேலையா, தம்பி?

பேஸ் குறைகிறதா, முதலில் காதுக்குள் நுழையும் ரப்பர் முனையை மாற்றிப் பாருங்கள். இடைவெளி இருந்தால் பேஸ் அதன் வழியே ஓடிவிடும். ஒரு பக்கம் மட்டும் சத்தம் குறைந்தால், பத்துக்கு எட்டு முறை வலையில் அடைத்திருக்கும் காதழுக்குதான். ஜாக்கில் பஞ்சு சேர்ந்திருந்தால் ஃபோனை அணைத்துவிட்டு மரப் பல்குச்சியால் எடுங்கள், ஊசி வேண்டாம். 300 ஓம் ஹெட்போன் வாங்கியவர்களுக்கு மட்டும் ஃபோனின் மின்னழுத்தம் போதாமல் போகலாம். அதற்கு யுஎஸ்பியில் செருகும் தனி ஆம்பிளிஃபயர் கிடைக்கிறது. ஃபோனைத் திறக்கவே வேண்டாம்.

ஏற்கெனவே திறந்துவிட்டீர்களா? சார்ஜ் மட்டும் போடாதீர்கள். கழன்று விழுந்ததைத் துடைப்பத்தால் கூட்டித் தள்ளாமல், மருந்துக்கடை உறையில் போட்டுக் கொண்டுவாருங்கள்.