ரேபிஸ் சந்தேகமா? மூளைத் திசுவை முழுக்க ஃபார்மலினில் போட்டுவிடாதீர்கள்

தண்ணீரைக் கண்டு மிரண்டால்தான் ரேபிஸ் என்ற எண்ணம் மருத்துவர்களிடம்கூட இருக்கிறது. ரேபிஸ் நோயாளிகளில் ஏறத்தாழ 20 சதவீதம் பேருக்கு அந்த மிரட்சி பெரிதாகத் தெரியாது. கைகால் தளர்ந்து, நரம்புகளைப் பாதித்துக் கைகாலை முடக்கும் கிலான் பாரே நோய் போலவே தோன்றி இறந்துவிடுவார்கள். மூளைத் திசுவைப் பார்த்தால்தான் காரணம் உறுதியாகும்.

"ஆளே போயாச்சு, இனி டெஸ்ட் எதுக்கு?" என்று உறவினர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதே நாய் வேறு யாரையெல்லாம் கடித்தது, நோயாளியின் எச்சில் யாருடைய காயத்தில் பட்டது என்று தேடித் தடுப்பூசி போட வேண்டுமே. 2004-இல் அமெரிக்காவின் டெக்சாஸில், மூளை ரத்தக்கசிவால் இறந்ததாகக் கருதப்பட்ட ஒருவரின் கல்லீரல், இரண்டு சிறுநீரகங்கள், ஒரு ரத்தக்குழாய்த் துண்டு ஆகியவை நான்கு பேருக்குப் பொருத்தப்பட்டன. நால்வருமே இறந்தார்கள். அவர்களின் மூளைத் திசுவைச் சோதித்தபோதுதான் ரேபிஸ் என்று தெரிந்தது. கொடையாளரை வௌவால் கடித்திருந்த விவரம் அப்புறம்தான் வெளியே வந்தது.

பாடப்புத்தகத்தில் எல்லாரும் படித்தது, 1903-இல் கண்டறியப்பட்ட நெக்ரி பாடிகள், அதாவது ரேபிஸ் தாக்கிய நரம்புச் செல்களுக்குள் மைக்ராஸ்கோப்பில் தெரியும் திட்டுகள். அவை தெரிந்தால் ரேபிஸ்தான்; தெரியாவிட்டால் இல்லை என்று சொல்லிவிட முடியாது. ஆய்வகத்தில் நாங்கள் முதலில் செய்வது ஃப்ளூரசன்ட் ஆன்டிபாடி சோதனை. மூளைத்தண்டையும் சிறுமூளையையும் கண்ணாடித் தகட்டில் ஒற்றி, குளிர்ந்த அசிட்டோனில் வைத்து எடுத்து, ஒளிரும் சாயம் இணைத்த ஆன்டிபாடியை விடுவோம். வைரஸ் புரதம் இருந்தால் பச்சையாக மின்னும். சில மணி நேரத்தில் முடிவு சொல்லிவிடலாம். திசு அழுகியிருந்தால் வைரஸின் மரபணுவைத் தேடும் ஆர்டி-பிசிஆர் கைகொடுக்கும். திசுவை எலிக்கு ஊசியில் ஏற்றி 28 நாள் வரை காத்திருக்கும் பழைய முறையின் இடத்தை, வைரஸை ஆய்வகச் செல்களில் வளர்த்துப் பார்க்கும் செல் வளர்ப்பு பிடித்துவிட்டது.

என் மனக்குறை, திசு கெடாமல் இருக்கப் போட்டு வைக்கும் ஃபார்மலின் திரவத்தின் மேல்தான். பழக்கதோஷத்தில் மொத்தத் திசுவையும் அதில் போட்டு அனுப்பிவிடுகிறார்கள். வைரஸ் செத்துப்போவதால் வளர்ப்புக்கு வழியில்லை. பிசிஆரும் நம்பகமாக இருக்காது. திசுச் சீவலில் ஆன்டிபாடி விட்டு வைரஸ் புரதத்தைத் தேடும் இம்யூனோ ஹிஸ்டோகெமிஸ்ட்ரி மாதிரி ஒன்றிரண்டு வழிகளே மிஞ்சும். ஒரு துண்டை ஃபார்மலினில் போடுங்கள், சரி. இன்னொன்றை அப்படியே ஐஸில் வைத்து அனுப்புங்கள். ஐஸ் கிடைக்காத இடமென்றால் 50 சதவீத கிளிசரால் கலந்த உப்புநீர் (கிளிசரால் சலைன்) போதும்.

மண்டையைத் திறக்கக் குடும்பம் சம்மதிக்காவிட்டால், பிடரி எலும்பின் துளை வழியாகவோ கண்குழி வழியாகவோ ஊசியால் திசு எடுக்கலாம். பிடரித் தோலிலும் வைரஸ் கிடைப்பதுண்டு. ஆனால் "ரேபிஸ் இல்லை" என்று உறுதியாகச் சொல்ல மூளைத்தண்டின் முழுக் குறுக்குவெட்டு வேண்டும். மண்டையைத் திறப்பதானால் மின்சார ரம்பம் வேண்டாம், திசு காற்றில் தெறிக்கும், கைரம்பம் போதும். முகக்கவசமும் கண்ணாடியும் போட்டுக்கொள்ளுங்கள்.