துல்லியம் வேறு, நுண்மை வேறு

போன வாரம் சேலம் ஐந்து ரோடு பக்கம் ஒரு கேம் சர்வர் வகுப்பு, அதாவது பலர் ஆடும் கணினி விளையாட்டை நடத்தும் நிரலை எழுதக் கற்றுத்தருவது. ஒரு மணி நேரத்துக்குள் ‘டைமர் துல்லியம் போதவில்லை’ என்று மூன்று முறை காதில் விழுந்தது. டைமர் என்பது நிரலைக் குறித்த நேரத்தில் எழுப்பும் மணி. பிரிசிஷனும் துல்லியம், அக்யூரசியும் துல்லியமாம். இனியும் பேசாமல் இருக்க முடியாது.

துல்லியத்துக்கு மூலம் ‘துல்ய’ என்ற வடசொல். சமம், ஒப்பு என்று பொருள். தராசைக் குறிக்கும் துலாவுக்கு உறவு. உண்மை அளவோடு ஒத்துப்போவதுதான் துல்லியம், அதாவது அக்யூரசி. பிரிசிஷனோ லத்தீனில் வெட்டுதலிலிருந்து வந்தது. எவ்வளவு பொடியாக நறுக்கி அளக்கிறோம் என்பது அது. அதற்கு நுண்மையே சரி.

செவ்வாய்ப்பேட்டை கொலுசுப் பட்டறைக்குப் போய்ப் பாருங்கள். வெறும் தட்டிலேயே 0.412 கிராம் காட்டுகிற எலக்ட்ரானிக் தராசு மில்லிகிராம் வரை நுண்மையானது, துல்லியமானதல்ல. பூஜ்யத்துக்குக் கொண்டுவந்த பிறகுதான் அதில் வெள்ளியை வைப்பார்கள்.

சிலர் பிரிசிஷனுக்குத் துல்லியம், அக்யூரசிக்குத் துல்லியத்தன்மை என்று வால் ஒட்டிப் பிரிக்கிறார்கள். வேகமாகப் பேசும்போது அந்த வால் யார் காதில் விழும்? ‘நுட்பம்’ என்பவர்களும் உண்டு. நல்ல சொல்தான், ஆனால் தொழில்நுட்பம் அதை எப்போதோ எடுத்துக்கொண்டது. ‘டைமர் நுட்பம்’ என்றால் டைமர் எழுதும் வித்தை என்றுதான் படிப்பார்கள். மொழிபெயர்க்கிறவர்கள் அகராதியைப் புரட்டுகிறார்கள், ஒரு நிரலை ஓட்டிப் பார்ப்பதில்லை.

பார்த்தால் தெரியும். நொடிக்கு 60 முறை ஆட்டத்தை நகர்த்த, 16.67 மில்லிநொடிக்கு ஒருமுறை டைமர் எழ வேண்டும். விண்டோஸ் கடிகாரத்தின் வழக்கமான துடிப்பு சுமார் 15.6 மில்லிநொடி. சர்வர் நிரல்களை ஓட்டும் நோட்.ஜேஎஸ்ஸில் டைமர் வைக்கும் கட்டளையான செட்டைம்அவுட்டோ பின்னத்தை வெட்டிவிட்டு 16 என்றே எடுத்துக்கொள்ளும். இவை நுண்மைக் குறை.

ஆனால் நோட்.ஜேஎஸ்ஸில் வேலைகளை வரிசையாக எடுத்து ஓட்டும் ஈவென்ட் லூப் ஒரு நேரத்தில் ஒரு வேலைதான் பார்க்கும். எதிரிப் படைக்கு வழி தேடும் கணக்கு 40 மில்லிநொடி ஓடினால், நேரமான டைமரும் அது முடியும்வரை நிற்க வேண்டியதுதான். இதற்கும் நுண்மைக்கும் சம்பந்தமே இல்லை. நம் ஊர்ச் சொல் இருக்கிறதே, சுணக்கம்!

பக்கத்தில் ஒரு தம்பி நானோநொடிக் கடிகாரத்தை மாட்டிப் பார்த்துவிட்டு, இன்னும் தாமதமாகிறதே என்று குழம்பிக்கொண்டிருந்தான். “இது நுண்மைக் குறை இல்லப்பா, சுணக்கம்” என்றேன்.

“அப்போ முன்னாடி நிக்கறது எதுங்கண்ணா?” என்று கேட்டான். அப்புறம்தான் வழி தேடும் கணக்கைத் துண்டு துண்டாகப் பிரித்துப் போட்டான்.