ஒரு வான்கோழிக்குள் இரண்டு கறி

நவம்பர் மாதத்து நான்காவது வியாழக்கிழமை மதியம், அமெரிக்காவில் தெருவில் நடந்தால் வீட்டுக்கு வீடு ஒரே வாசனைதான் வரும். தாங்க்ஸ்கிவிங் என்ற நன்றி சொல்லும் திருநாளின் வான்கோழி. 1863-இல் லிங்கன் அறிவித்த தேசிய விடுமுறை. எந்த வியாழன் என்ற இழுபறி 1941-இல்தான் சட்டம் போட்டுத் தீர்ந்தது. ஆறேழு கிலோ பறவையை முழுசாக ஓவனுக்குள் தள்ளிவிட்டு, சமைத்தவர் கண்ணாடிக் கதவுக்கு முன்னால் போவதும் வருவதுமாக இருப்பார்.

நானும் அப்படி நடந்திருக்கிறேன். என் முதல் வான்கோழியின் நெஞ்சுக்கறியை விழுங்க ஒரு சொம்புத் தண்ணீர் வேண்டியிருந்தது. தொடைக்கறியோ ரப்பர் மாதிரி பல்லில் இழுத்தது. ஒரே பறவை, ஒரே ஓவன், ஒரே நாலு மணி நேரம். ஒரு பக்கம் சக்கை, மறுபக்கம் வேகவில்லை. கைப்பக்குவம் போதவில்லை என்றுதான் அன்று நினைத்தேன். பாதி அதுதான். மீதிப் பாதி வான்கோழியின் உடலமைப்பு.

வான்கோழி நாள் முழுக்க நடக்கும் பறவை. பண்ணையில் வளர்வது பறப்பதே இல்லை. காட்டில் திரிவதுகூட ஆபத்து வந்தாலோ இரவில் மரத்தில் அடையவோதான் சடசடவென எழும்பிக் கொஞ்ச தூரம் பறக்கும். நடக்கும் கால்களுக்கு இடைவிடாமல் ஆக்சிஜன் வேண்டும். அதைப் பிடித்து வைத்துக்கொள்ள அந்தத் தசைகளில் மயோகுளோபின் என்ற புரதம் நிறைய இருக்கிறது. அதன் நடுவில் ஓர் இரும்பு அணு. தொடைக்கறி கருஞ்சிவப்பாக இருப்பது அதனால்தான். உடல் எடையைத் தாங்க வேண்டியிருப்பதால் தசையைக் கட்டி வைக்கும் கொலாஜன் நாரும் காலில்தான் அதிகம். நெஞ்சுத் தசைக்கு அந்தப் பாடெல்லாம் இல்லை. எப்போதாவது ஒரு நொடி வேகம், அவ்வளவுதான். அதனால் அது வெளுத்தும் மெத்தென்றும் இருக்கிறது.

இந்த இரண்டையும் சேர்த்துச் சூடேற்றினால் என்ன ஆகும்? சுமார் 50 டிகிரி செல்சியஸில் மயோசின் என்ற தசைப் புரதம் உறையத் தொடங்கும். வழவழப்பு போய்க் கறி கெட்டிப்படும். 60-ஐத் தாண்டியதும் தசையைச் சுற்றியுள்ள கொலாஜன் உறை சுருங்கும். 66-க்கு மேல் ஆக்டின் என்ற இன்னொரு புரதமும் உறைந்துவிடும். ஈரத்துணியை முறுக்கிப் பிழிகிற மாதிரி கறிக்குள் இருக்கும் சாறு வெளியே வரும். 70-ஐத் தாண்டிய ஒவ்வொரு டிகிரிக்கும் நெஞ்சுக்கறி மேலும் காயும். தொடைக்கறியின் கதை நேர் எதிர். அதன் கொலாஜன் கரைந்து ஜெலட்டினாக மாற 70-க்கு மேல் சூடும் வேண்டும், நேரமும் வேண்டும். 80 வரை போனால்தான் தொடை சுவைக்கும். ஆக, நெஞ்சு 'போதும்' என்கிறபோது தொடை 'இன்னும்' என்கிறது.

அமெரிக்க வேளாண் துறை, கறியின் தடித்த இடங்களில் 74 டிகிரி, அவர்கள் கணக்கில் 165 ஃபாரன்ஹீட், வர வேண்டும் என்கிறது. அந்தச் சூட்டில் சால்மொனெல்லா கிருமி உடனே சாகும். உண்மையில் 66 டிகிரியிலும் அது சாகும், ஆனால் அந்தச் சூடு சில நிமிடம் குறையாமல் நிற்க வேண்டும். 74-இல் கடிகாரம் பார்க்க வேண்டியதில்லை. வீட்டுச் சமையலுக்கு அதுதான் நிம்மதி. ஓவனிலிருந்து எடுத்த பிறகும் உள்சூடு சில டிகிரி ஏறும் என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டால் சரி.

எவ்வளவு நேரம் என்பது அடுத்த தலைவலி. 'ஒரு பவுண்டுக்கு இத்தனை நிமிடம்' என்பது வழக்கமான கணக்கு. இயற்பியலாளர் வுல்ஃப்காங் பனோஃப்ஸ்கிக்கு அது சரிப்படவில்லை. ஸ்டான்ஃபோர்டில் 3 கிலோமீட்டர் நீள எலக்ட்ரான் முடுக்கியை நடத்திய ஆய்வகத்தின் முதல் இயக்குநர் அவர். அவர் பெயரில் வழங்கும் சூத்திரம் இது: பவுண்டு கணக்கில் எடையை மூன்றில் இரண்டு என்ற அடுக்குக்கு உயர்த்தி, 1.5-ஆல் வகுத்தால் மணிக்கணக்கு வரும். ஓவன் சூடு 163 டிகிரி. 8 பவுண்டுப் பறவைக்கு 2 மணி 40 நிமிடம். 16 பவுண்டுக்கு 4 மணி 15 நிமிடம்போல. எடை இரண்டு மடங்கானாலும் நேரம் இரண்டு மடங்காவதில்லை. சூடு நடுவரை போய்ச் சேரும் நேரம் கறியின் தடிமனைப் பொறுத்தது. தடிமன் இரண்டு மடங்கானால் நேரம் நான்கு மடங்கு. எடை இரண்டு மடங்கானாலோ தடிமன் கால் பங்குதான் கூடும்.

அப்படியானால் தடிமனையே குறைத்துவிட்டால்? அதைத்தான் இப்போது பலர் செய்கிறார்கள். கறிக் கத்தரியால் முதுகெலும்பை வெட்டி எடுத்துவிட்டு, நெஞ்செலும்பை உள்ளங்கையால் 'மடக்'கென்று அழுத்தித் தட்டையாக்குவது. முழுப் பறவையில் நெஞ்சு மேலே துருத்திக்கொண்டு சூட்டை வாங்கும், தொடை உடம்போடு ஒட்டி ஒளிந்திருக்கும். தட்டையாக்கினால் தொடைகள் தட்டின் ஓரத்துக்கு வந்து சூட்டை நேராக வாங்கும். 230 டிகிரியில் ஒன்றரை மணி நேரத்தில் வேலை முடிகிறது. மேசை நடுவில் கம்பீரமாக உட்காராது, யாரோ மிதித்த மாதிரி இருக்கும். எனக்கு அதில் வருத்தமில்லை.

கடைப் பறவையின் நெஞ்சில் சில சமயம் ஒரு பிளாஸ்டிக் குச்சி செருகியிருக்கும். வெந்ததும் அதன் தலை 'டப்'பென்று எழும்பும். உள்ளே ஒரு ஸ்பிரிங்கைச் சிறு உலோகக் கலவை பிடித்து வைத்திருக்கிறது. அது உருகினால் ஸ்பிரிங் விடுபடும். பல கூரைத் தீயணைப்புத் தெளிப்பான்கள் வேலை செய்வதும் இப்படித்தான். கோளாறு என்னவென்றால், பெரும்பாலும் அது 80 டிகிரிக்கு மேல்தான் உருகும். நெஞ்சுக்கறி அதற்குள் காய்ந்துவிடும். நான் சொம்புத் தண்ணீர் குடித்தது இந்தக் குச்சியை நம்பித்தான். குத்திப் பார்க்கும் தெர்மாமீட்டர் ஒன்று வாங்கிவிடுங்கள்.

உப்பு விஷயத்தில் மட்டும் அவசரம் கூடாது. ஒன்றிரண்டு நாள் முன்பே உப்பைத் தடவி, மூடாமல் ஃப்ரிட்ஜில் வைக்க வேண்டும். உப்பு முதலில் நீரை வெளியே இழுக்கும், அந்த நீரில் கரையும், பிறகு மெல்ல உள்ளே இறங்கும். இறங்கி, மயோசினைக் கொஞ்சம் கரைத்துத் தளர்த்திவிடும். தளர்ந்த புரதம் சூட்டில் அவ்வளவு இறுகுவதில்லை, சாறும் நிற்கும். திறந்து வைப்பதால் தோலும் உலரும். தோல் பொன்னிறமாவது மயார் வினையால், அதாவது புரதக் கூறுகளும் சர்க்கரையும் சூட்டில் சேர்ந்து நிறமும் மணமும் தருவதால். பிரெஞ்சு வேதியியலாளர் லூயி கமீய் மயார் 1912-இல் விவரித்தது. 140 டிகிரிபோலச் சூடு வந்தால்தான் அது வேகம் பிடிக்கும். ஈரம் இருக்கும்வரை தோல் 100-ஐத் தாண்டாது. அரை மணிக்கொரு தரம் கதவைத் திறந்து சாற்றை மேலே ஊற்றுகிறவர்கள், தோலையும் நனைக்கிறார்கள், ஓவனையும் ஆற்றுகிறார்கள்.

சாப்பிட்டதும் சொக்கி விழுவதற்கு வான்கோழியிலுள்ள ட்ரிப்டோஃபான் என்ற அமினோ அமிலம்தான் காரணம் என்று யாராவது ஒருவர் ஆண்டுதோறும் சொல்வார். கோழியிலும் ஏறக்குறைய அதே அளவுதான் இருக்கிறது. மூன்று தட்டுச் சாப்பாட்டுக்கு வேறு விளக்கம் வேண்டாம்.

இனி வெள்ளிக்கிழமை. மீந்த கறியை மைக்ரோவேவில் சூடாக்கினால் பழைய அட்டைப்பெட்டி மாதிரி ஒரு வாடை அடிக்கும். கெட்டுப்போனதல்ல. காரணம், தொடையைச் சிவக்க வைத்த அதே இரும்பு. வேகும்போது மயோகுளோபின் சிதைந்து இரும்பு வெளியே வருகிறது. தசைச் செல்களின் சவ்விலுள்ள கொழுப்பை ஆக்சிஜன் தாக்க அது தரகு வேலை பார்க்கிறது. ஒரே இரவு போதும். வான்கோழி, கோழியைவிடக் குறைவாகவே உடலில் வைட்டமின் ஈ சேர்த்து வைக்கிறது, அதனால் இந்தத் தாக்குதலைத் தடுக்கத் திராணியில்லை.

வழி, காற்றுப் படாமல் வைப்பது. கறியைக் கிரேவியிலோ சூப்பிலோ முழுக்க மூழ்கவிட்டு ஃப்ரிட்ஜில் வைத்தால் வாடை வெகுவாகக் குறையும். மசாலா இன்னும் நல்லது: கிராம்பு, இஞ்சி, பூண்டு எல்லாமே ஆக்சிஜனேற்றத்தைத் தடுப்பவை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் பிரிட்டிஷ் வீடுகளில் வான்கோழி கறிக்குழம்பு வைப்பது பழகிப்போன வழக்கம். வேதியியல் தெரிந்து தொடங்கினார்களோ இல்லையோ, சரியாகத்தான் செய்கிறார்கள். அமெரிக்கத் தமிழ் வீடுகளில் அது பிரியாணியாகும். தொடைக்கறியைப் பிய்த்துப் போடுங்கள், மறுபடி கொதித்தாலும் தாங்கும். நெஞ்சுக்கறியைத் திரும்பச் சூடாக்கினால் மிச்சச் சாறும் போய்விடும். மெல்லியதாக வெட்டி, மயோனைஸ் தடவிய ரொட்டிக்குள் குளிரக் குளிர வைப்பதே அதற்கு மரியாதை.

எலும்புக்கூட்டைத் தூக்கிப் போடாதீர்கள். உடைத்துப் பெரிய பாத்திரத்தில் போட்டு, வெங்காயம், மிளகோடு மூன்று நாலு மணி நேரம் தளதளவெனக் கொதிக்காமல் சிறு தீயில் விடுங்கள். ஒரு எச்சரிக்கை. சமைத்த பிறகும் பிழைத்திருக்கும் வித்துகள் கொண்ட கிருமி ஒன்று உண்டு, கிளாஸ்ட்ரிடியம் பெர்ஃப்ரிஞ்சென்ஸ் என்று பெயர். பெரிய பாத்திரத்தில் மெதுவாக ஆறும் சூப்பு அதற்குச் சொர்க்கம். வடிகட்டி, ஆழமில்லாத டப்பாக்களில் பிரித்து, இரண்டு மணி நேரத்துக்குள் ஃப்ரிட்ஜில் ஏற்றிவிட வேண்டும். கறிக்கும் இதே விதிதான்: ஃப்ரிட்ஜில் மூன்று நாலு நாள், அதற்கு மேல் என்றால் ஃப்ரீசர்.

மறுநாள் காலை அந்த டப்பாவைச் சாய்த்துப் பாருங்கள், ஊற்றாது. விரலால் தொட்டால் நுங்கு மாதிரி ஆடும். வியாழக்கிழமை என் பல்லில் இழுத்த அதே கொலாஜன்தான்.