ஆக்டிங் கவர்னர் – பதில் ஆளுநர்

கவர்னர் இறந்துவிட்டார், அல்லது லண்டனுக்குக் கப்பலேறிவிட்டார். அடுத்தவர் வந்து சேர மாதக்கணக்கில் ஆகும். அதுவரை ஆட்சியை நடத்துபவர்தான் ஆக்டிங் கவர்னர். பிரிட்டனின் அமெரிக்கக் குடியேற்றங்களில் பெரும்பாலும் லெப்டினன்ட் கவர்னர் அந்த இடத்துக்கு வருவார். அவரும் இல்லையென்றால் ஆலோசனைச் சபையின் மூத்த உறுப்பினர்.

கப்பலின் சுக்கானைப் பிடிப்பதைக் குறித்த கிரேக்கச் சொல்தான் லத்தீன், பிரெஞ்சு வழியாக 'கவர்னர்' ஆனது. 'லெப்டினன்ட்' என்றால் பிரெஞ்சில் இன்னொருவர் இடத்தில் இருப்பவர். 'ஆக்டிங்' என்பதன் வேர், 'செய்', 'நடத்து' எனும் லத்தீன் வினை. நடிப்புக்கும் ஆங்கிலத்தில் அதே சொல்தான் என்பதற்காக இவரை வெறும் வேஷம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

நியூயார்க்கின் கேட்வாலடர் கோல்டனைப் பாருங்கள். எடின்பரோவில் படித்தவர், மருத்துவர், ஸ்வீடன் அறிஞர் லின்னேயஸோடு கடிதத் தொடர்பு வைத்திருந்த தாவரவியலாளர். 1760இல், ஆட்சியை நடத்திவந்த லெப்டினன்ட் கவர்னர் டிலான்சி இறந்தபோது ஆலோசனைச் சபையின் மூத்த உறுப்பினர் என்ற முறையில் ஆட்சிக்கு வந்தார். மறு ஆண்டு லெப்டினன்ட் கவர்னர் ஆனார். 1775 வரை நான்கு முறை அந்தப் பொறுப்பு அவரிடம் வந்தது. முழுக் கவர்னர் பதவி மட்டும் கடைசிவரை வரவில்லை. ஆனால் அடி மட்டும் முழுதாக விழுந்தது: 1765 நவம்பர் 1 இரவு, பிரிட்டன் விதித்த முத்திரைத்தாள் வரியை எதிர்த்த கூட்டம் அவருடைய கோச்சு வண்டியை இழுத்துவந்து, கொடும்பாவியோடு சேர்த்துக் கொளுத்தியது. அவர் ஜார்ஜ் கோட்டைக்குள் இருந்தார்.

சம்பளத்திலும் சிக்கல். 1770இல் வந்த கவர்னர் டன்மோர், தான் நியமிக்கப்பட்ட நாளிலிருந்து கோல்டன் பெற்ற வருமானத்தில் பாதியைக் கேட்டு வழக்குப் போட்டார். வழக்கு நடந்த சான்சரி நீதிமன்றத்துக்குத் தலைவர் யார் என்றால், அதே டன்மோர்! கோல்டன் 1776இல், 88 வயதில் இறந்தார்.

சரி, தமிழில் என்ன சொல்வது? 'ஆளுநர்' இருக்கிறது (ஓட்டுநர், இயக்குநர் போல, 'ஆளுனர்' பிழை). புதுச்சேரியால் பழகிய 'துணைநிலை ஆளுநர்' லெப்டினன்ட் கவர்னருக்குப் பொருந்தும். ஆக்டிங்குக்குத் தமிழ்நாட்டில் 'பொறுப்பு ஆளுநர்' என்கிறோம். ஆனால் 2016இல் மகாராஷ்டிர ஆளுநர் வித்யாசாகர் ராவ் தமிழ்நாட்டையும் சேர்த்துக் கவனித்தாரே, அதுபோன்ற கூடுதல் பொறுப்பையும் அப்படியேதான் சொல்கிறோம். 'தற்காலிக' என்பது அதிகாரம் குறைந்தவர் போல ஒலிக்கிறது. இலங்கைத் தமிழில் பதில் ஜனாதிபதி, பதில் நீதவான் (மாஜிஸ்திரேட்) என்று, 'இன்னொருவருக்குப் பதிலாக' எனும் பொருளில் அன்றாடம் புழங்கும் 'பதில்' எனக்குப் பிடித்திருக்கிறது. கோல்டனைப் பதில் ஆளுநர் என்றே எழுதலாம்.