கணினி எப்படி விழுகிறது என்று பாருங்கள்

புதிய கிராபிக்ஸ் கார்டைப் பொருத்திய மூன்றாம் நாள் என் கணினி பட்டென்று அணைந்தது. திரை உறையவில்லை, விண்டோஸ் கோளாறைக் காட்டும் நீலத் திரையும் வரவில்லை. யாரோ பிளக்கைப் பிடுங்கியதுபோல விசிறிகள்கூட அப்படியே நின்றுவிட்டன. விளையாட்டு மும்முரமாக ஓடும்போது இது ஒரு தடவைகூட நடக்கவில்லை. ஒரு கட்டம் முடிந்து அடுத்த கட்டம் திரைக்கு வரும் அந்த நொடியில்தான் ஒவ்வொரு முறையும் நடந்தது. கார்டுதான் பழுது என்று முடிவுகட்டி, திருப்பி அனுப்பப் பெட்டியில் போட்டு ஒட்டியும் விட்டேன். அனுப்பியிருந்தால் நல்ல கார்டு ஒன்றை வீணாகத் தள்ளியிருப்பேன்.

இத்தகைய சிக்கலில் முதலில் கவனிக்க வேண்டியது, கணினி விழும் விதம். நொடியில் முழுதாக அணைகிறதா, அல்லது திரை மட்டும் கறுத்துவிட்டுத் திரும்புகிறதா? இதைப் பாராமலே பலர், கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவரை நீக்கி நீக்கி நிறுவிக்கொண்டிருக்கிறார்கள். முழுதாக அணைந்துபோகும் கணினிக்கு அது பெரும்பாலும் மருந்தாகாது. அங்கே கேள்வி மின்சாரத்தைப் பற்றியது.

300 வாட் கார்டு என்றால், 12 வோல்ட்டில் 25 ஆம்பியர் இழுக்கிறது என்று பொருள். மதர்போர்டின் ஸ்லாட் வழியே அதிகபட்சம் 75 வாட்தான் வரலாம். மீதி, ஒவ்வொன்றும் 150 வாட் தரக்கூடிய எட்டு முள் இணைப்புகள் வழியே வருகிறது. ஆனால் கார்டின் மூளையான சில்லு இயங்குவது ஏறத்தாழ 1 வோல்ட்டில். ஆகவே கார்டின் மேலுள்ள சுற்றுகள் அந்த 12 வோல்ட்டை இறக்கி, இருநூறு ஆம்பியருக்கும் மேலான மின்னோட்டமாகச் சில்லுக்குள் செலுத்துகின்றன. உள்ளே இருப்பவை பல ஆயிரம் கோடி டிரான்சிஸ்டர்கள். சும்மா இருந்த அவற்றுக்கு வேலை வந்ததும், சில மைக்ரோ நொடிகளில் அனைத்தும் எழுந்துகொள்ளும். கார்டு தன் மின்நுகர்வைத் தானே அளந்து வேகத்தைக் கட்டுப்படுத்துகிறது என்பது உண்மைதான். ஆனால் அந்தக் கட்டுப்பாடு மில்லி நொடிக் கணக்கில் நடக்கிறது. அது விழித்துக்கொள்வதற்குள் எழுச்சி வந்து போயிருக்கும். அட்டைப்பெட்டியில் அச்சிட்ட 300 வாட் ஒரு சராசரி. கண நேர உச்சம் அதைப்போல் இரு மடங்கையும் எட்டக்கூடும்.

வீட்டு மின்சாரத்தைக் கணினிக்கு ஏற்றபடி மாற்றித் தரும் பெட்டி பவர் சப்ளை. அதன் காவல் சுற்றுக்கு இந்த எழுச்சிக்கும், எங்கோ கம்பிகள் உரசி ஏற்படும் குறுக்குச்சுற்றுக்கும் வேறுபாடு தெரியாது. அளவு மீறியதா, துண்டித்துவிடும். அது தன் கடமையைத்தான் செய்கிறது. அடுத்த கட்டம் ஏற்றப்படும்போது கார்டுக்கு வேலையில்லை. ஏற்றி முடித்ததும் முழு வேலையும் ஒரே கணத்தில் அதன் தலையில் இறங்குகிறது. என் கணினி ஏன் சரியாக அங்கே விழுந்தது என்பது இதை அறிந்த பிறகுதான் புரிந்தது. பவர் சப்ளைகளுக்காக 2022-இல் வந்த ஏடிஎக்ஸ் 3.0 தரம் இந்த எழுச்சிகளைக் கணக்கில் எடுத்துக்கொண்டது: கார்டுக்கான புதிய உயர்திறன் இணைப்பு கொண்ட பவர் சப்ளைகள், தம் அளவைப்போல் இரு மடங்கை 100 மைக்ரோ நொடிகள் தாங்க வேண்டும் என்றது. என்னுடையதோ அதற்குப் பல ஆண்டுகள் மூத்தது.

ஐயத்தைச் சோதிக்கச் செலவே இல்லை. கார்டின் மென்பொருளில் மின் வரம்பை 70 விழுக்காடாகக் குறையுங்கள். மின்நுகர்வு, வேகத்தோடும் வோல்ட்டேஜின் வர்க்கத்தோடும் சேர்ந்து ஏறுவதால், கடைசிச் சிறு வேகத்துக்குத்தான் கார்டு மிகுதியாகத் தின்கிறது. அதை விட்டுக்கொடுத்தால் விளையாட்டில் இழப்பு சொற்பமே. வரம்பைக் குறைத்ததும் அணைவது நின்றால், பவர் சப்ளை அல்லது அதன் கேபிள் பக்கம் திரும்பலாம். ஒரே கேபிளில் இரட்டையாகத் தொங்கும் இரு முனைகளைப் பயன்படுத்தியிருந்தால், தனித்தனிக் கேபிள்களுக்கு மாற்றிப் பாருங்கள்.

ஒன்றை அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். பவர் சப்ளையை மாற்றும்போது பழைய கேபிள்களை அப்படியே விட்டுவிட்டுப் புதியதில் செருகிவிடாதீர்கள். கார்டின் பக்க முனைக்குத் தரம் உண்டு. பவர் சப்ளையின் பக்க முனைக்குப் பொதுத் தரம் கிடையாது. முனை கச்சிதமாகப் பொருந்தும், ஆனால் தரை இணைப்பு இருக்க வேண்டிய கம்பியில் 12 வோல்ட் ஓடலாம். வன்தட்டுக்குப் போகும் கேபிளில் அப்படி நேர்ந்தால், கணினியை இயக்கிய கணத்திலேயே உங்கள் கோப்புகளைத் தாங்கும் அந்த வன்தட்டு கருகிவிடக்கூடும்.

திரை கறுத்து ஓரிரு நொடிகளில் திரும்பினால் கதை வேறு. விஸ்டா காலம் முதல் விண்டோஸ், கார்டு 2 நொடிகள் பதில் தராவிட்டால் டிரைவரை மீட்டமைக்கிறது. மீண்டால் நிகழ்வுப் பதிவில் 4101 என்ற எண் விழும்; மீளாவிட்டால் நீலத் திரை. முழுதாக அணைந்த கணினியில் தெரியும் எண் 41. முறையாக மூடப்படாமல் நின்றது என்பதற்கு மேல் அது எதையும் சொல்வதில்லை. 4101 கண்டால், விண்டோஸின் பாதுகாப்புப் பயன்முறையில் (சேஃப் மோட்) நுழைந்து பழைய கார்டின் டிரைவர் எச்சங்களைத் துடைத்துவிட்டு நிறுவுவது பயன் தரும். வெப்பத்தையும் பாருங்கள். நினைவகத்தை அறிவித்த வேகத்துக்கு மேல் ஓட்டிக்கொண்டிருந்தால், சோதிக்கும்வரை இயல்பு வேகத்துக்கு இறக்குங்கள்.

கார்டை ஸ்லாட்டில் நேரடியாகச் செருகாமல் நீட்டிப்பு கேபிளில் பொருத்தியவர்களுக்கு இன்னொரு வாய்ப்பும் உண்டு. கார்டும் மதர்போர்டும் தரவைப் பரிமாறும் பாதையான பிசிஐ எக்ஸ்பிரஸின் நான்காம் தலைமுறையில் ஒவ்வொரு தடமும் நொடிக்கு 1,600 கோடி பிட்டுகளைக் கடத்துகிறது. ஒரு பிட்டின் ஆயுள் 62.5 பிக்கோ நொடி. அதற்குள் மின்சைகை செம்பில் போகும் தூரம் சுமார் 1 சென்டிமீட்டர். அதாவது, ஒரு சாண் கேபிளுக்குள் ஒரே நேரத்தில் இருபது பிட்டுகள் வரிசையாக ஓடிக்கொண்டிருக்கும். மூன்றாம் தலைமுறைக்காகச் செய்த கேபிளில் அவற்றின் விளிம்புகள் மழுங்கி ஒன்றோடொன்று கலக்கின்றன, கணினி தள்ளாடுகிறது. மதர்போர்டின் அமைப்புத் திரையான பயாஸில் ஸ்லாட்டை மூன்றாம் தலைமுறைக்கு இறக்கினால் தள்ளாட்டம் நிற்கிறதா என்று பாருங்கள். நின்றால் குற்றவாளி கேபிள்.

இவ்வளவுக்கும் அடங்காவிட்டால், போதிய மின்சாரம் உள்ள வேறொரு கணினியில் கார்டை ஓட்டிப் பார்க்க வேண்டும். அங்கும் அதேபோல் விழுந்தால், தயங்காமல் திருப்பி அனுப்பலாம், பழுது கார்டில்தான். என் கார்டு அங்கே மாலை முழுதும் சீராக ஓடியது. மறுநாள் பவர் சப்ளையை மாற்றினேன். வரம்பை மறுபடி நூற்றுக்கு ஏற்றி, அதே கட்டத்தை மூன்று முறை முடித்துப் பார்த்தேன். மூன்று முறையும் அடுத்த கட்டம் திரையில் விரிந்தது.